ஒன்பது மறுப்புகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டெக்சஸ் காப்பெலிலிருந்து ஜமால் பாயின் மனைவி ஆயிஷா கூப்பிட்டார். "அவங்க மவுத்தாயிட்டாங்க தம்பி. ஹார்ட் அட்டாக். ஃப்ரீவே ஓரமா காரை நிறுத்தி, ஹசார்ட் லைட் கூடப் போட்டிருக்காங்க."

கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் பாயுடன் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் காலம் நினைவிருக்கும். சர்க்யூட் வரையும் மென்பொருள் ஒன்று எழுதியதை அன்று இன்னொன்றால் படிக்க முடியாது. ஒரு சிப்புக்கு எத்தனை இணைப்புக் கால், எந்தக் கால் எதற்கு என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாகத் தட்டச்சு செய்தது. பாயின் கம்பெனியில் அப்படி இரண்டு கால்கள் இடம் மாறி, செய்த போர்டுகள் அத்தனையும் கருகின. தட்டச்சு செய்த பெண்ணை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள்.

"அந்தம்மா மேல தப்பில்ல செந்தில். ஒரே விஷயத்த ஊரே உட்காந்து தனித்தனியா டைப் பண்ணா தப்பு வராதா?" என்றார் பாய். யாருக்கும் சொந்தமில்லாத, எல்லா மென்பொருளும் படிக்கக்கூடிய ஒரு பொது வடிவத்தை எழுத, போட்டிக் கம்பெனிகளை ஒரே மேசைக்கு அழைத்துவந்தார். மூன்று வருட உழைப்பு.

அந்த மேசையில், மென்பொருள் விற்கும் என் கம்பெனிக்காக நானும் இருந்தேன். அந்த வடிவத்தை ஏற்பதா என்ற வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம், எதிர்க்கும்படி என் மேனேஜர் சொன்னார். பொது வடிவம் வந்தால் வாடிக்கையாளர்கள் சுலபமாக வேறு மென்பொருளுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். என் கிரீன் கார்டு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தொழில்நுட்பக் காரணங்கள் என்று ஒன்பது மறுப்புகளை ஜோடித்து எழுதிக் கொடுத்தேன். எதிராகக் கை தூக்கினேன். பொது வடிவம் ஒரு வாக்கில் தோற்றது.

வெளியே வராந்தாவில் பாய் என்னை நிறுத்தினார். "கிரீன் கார்டுக்காகன்னு சொல்லியிருந்தா, நானே எதிர்த்துப் போடச் சொல்லியிருப்பேன். அந்த ஒம்பது காரணம் எதுக்கு?"

குழு கலைந்தது. சில மாதங்களில் அவருக்கு வேலை போனது. குடும்பத்தோடு டெக்சஸ் போய்விட்டார். அதன்பின் நான் ஒருமுறைகூட அவரைக் கூப்பிடவில்லை.

துக்கம் கேட்கப் போனபோது ஆயிஷா தடித்த காகிதக் கோப்பு ஒன்றை நீட்டினார். "சனி ஞாயிறு முழுக்க இதையேதான் எழுதிட்டு இருப்பாங்க. யார்கிட்டயாவது குடுக்கணுமா தம்பி?"

முதல் தாள்கள் என்னுடைய மறுப்புகள். அவற்றில் எட்டு மறுப்புகளின் அருகே "பொருந்தாது" என்று எழுதியிருந்தார். ஏழாவதன் அருகே மட்டும்: "இது நிஜமான ஓட்டை. செந்தில் சொன்னது சரி." அந்த ஓட்டையை அடைத்து, முழு வடிவத்தையும் மறுபடி எழுதியிருந்தார்.

யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நானே எடுத்து வந்தேன். கோப்பு என்னிடம் இருக்கிறது. அதன் நன்றிப் பட்டியலில் ஆறு பேர். கடைசிப் பெயர் என்னுடையது.