நாலு பெட்டிக்குக் கீழே ஒரு திகதி

“2014 செப்ரெம்பர் 18, வியாழன். ‘நாலு பெட்டி’ புதிய வடிவம், முதல் நாள். பதிந்த துண்டுகள் பதினொன்று. பிழை இல்லை.”

என் நாட்குறிப்பில், என் கையெழுத்தில் உள்ள வரி இது. இதன் கடைசி இரண்டு சொற்கள் பொய். அன்று பிழை நடந்தது. செய்தவன் நான். உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று எவருக்குமே தெரியாத ஒரு மனிதருக்கு, பட்டப்பகலில், கதிரையில் சாய்ந்தபடி, மரணத் திகதி ஒன்றை இட்டேன்.

இட்டது மட்டுமல்ல… அது எனக்கு முன்பே தெரியும் என்றும் காட்டிக்கொண்டேன்.

இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் சொல்ல முடிகிறது என்று நினைக்கிறேன்.

நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊரில் எனக்கு ‘மாஸ்டர்’ என்று பெயர். காலையில் கந்தோர்க் கதவைத் திறந்ததும் என் முதல் வேலை முத்திரையில் திகதியை மாற்றுவது. கை பழகியது, மனமும் பழகிவிட்டது. யார் வீட்டுப் பிள்ளை எப்போது பிறந்தது, எந்த மழையில் களப்பு நீர் எவ்வளவு தூரம் ஏறியது, எல்லாம் என் கொப்பிகளில் உண்டு. இடம்பெயர்ந்து வந்து நாங்கள் வாழும் கரைத்தீவில் ஒரு வாக்குவாதம் முற்றினால், “மாஸ்டரிடம் கேளுங்க, அவர் திகதியில பிழைக்க மாட்டார்” என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்க் கரையில் இருந்த எங்கள் ஊரும் வெறுமையானது. நவம்பர் 2, வெள்ளிக்கிழமை, நான் மனைவி மக்களோடு தெற்கே ஆலங்குடாக் கரையில் இறங்கினேன். எனக்குப் பக்கத்து வீட்டு இஸ்ஸதீன் படகுக்காரர். அவருடைய மனைவி சபியா ராத்தாவும் கைக்குழந்தையும் அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தார்கள். இஸ்ஸதீன்தான் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மிச்ச ஆட்களை ஏற்றிவரத் திரும்பிப் போனார். அவரும் வரவில்லை, படகும் வரவில்லை. போன நாள் எது என்று சபியா ராத்தாவுக்கே நிச்சயமில்லை. அந்த வாரத்தில் எவருக்குத்தான் நாள் கிழமை தெரிந்தது!

யுத்தம் முடிந்த மறு வருடம் ஊரைப் பார்க்கப் போனோம். ஊர் இல்லை… காடு இருந்தது. சுவர் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை இல்லை. எது யாருடைய காணி என்று ஒருவருக்கும் சொல்ல முடியவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு இலக்கம் இருந்ததில்லை. “யாருக்கு வலப்பக்கம்? யாருக்குப் பின்வீடு?” என்றுதான் கேட்போம்.

அதைப் பிடித்துக்கொண்டவர் ரசீன் என்ற கணித ஆசிரியர். கரைத்தீவு வாசிகசாலையில் இருந்த பழைய கணினியில் ஒரு சின்னச் செயலியைச் செய்தார். நீல நிறத் திரை. நடுவில் உங்கள் பெயர். அதைச் சுற்றி நான்கு வெள்ளைப் பெட்டிகள்: வலம், இடம், முன், பின். பெயரை அடித்தால் நான்கு அயலவர் பெயரும் வரும். ஓர் அயலவரைத் தொட்டால் அவர் நடுவுக்கு வருவார், அவருடைய நால்வர் சுற்றி நிற்பார்கள். அப்படியே நடந்து நடந்து ஒருவர் பள்ளிவாசல் வரை போய்விடலாம்! வேறு எதுவும் இல்லை. தெரியாத பெட்டி வெறுமையாகக் கிடக்கும். அது ஒருவரையும் எதையும் கேட்காது.

சனம் அதைக் கொண்டாடியது. எழுத்துத் தெரியாதவர்களும் வந்து பார்த்தார்கள். காணிக் காரியமே இல்லாதவர்கள்கூட அசர்த் தொழுகைக்குப் பிறகு வந்து, திரையில் விரலை வைத்து, “இந்தா, எங்கட பின்வீடு!” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேண்டியவர்களுக்கு அதையே ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுப்போம். அதுதான் ‘துண்டு’.

2014இல் அந்தக் கணினி சாகக் கிடந்தது. ரசீன் கட்டாருக்குப் போயிருந்தார். புதிய கணினியில் பழைய செயலி ஓடவில்லை. புத்தகங்களைப் பார்த்து நான் ஓரளவு நிரல் எழுதப் பழகியிருந்ததால், பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஊரின் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. மீன் வியாபாரி அன்சார் அதை எல்லோர் சார்பிலும் சொன்னான்:

“மாஸ்டர், பெயின்ட் அடிங்க, வேணாம் எண்டல்ல. கதவு யன்னல மாத்திப்போடாதீங்க.”

வாக்குக் கொடுத்தேன். கடுமையாக உழைத்தேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அதே நீலத்தைத் தேடிப் பிடித்தேன். பெட்டிகளின் இடைவெளியை அளவுகோல் வைத்துப் பழைய திரையில் அளந்து எடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். இரண்டு பொத்தான்களைக் குறைக்கவும் செய்தேன். முன்னதை விட என்னுடையது எளிமை என்று உள்ளூரப் பெருமைப்பட்டேன்!

ஆனால் நான்கு பெட்டிகளுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன். ஒரே ஒரு வரி… நடுவில் நிற்கும் ஆள் ஹயாத்தா, மௌத்தா? உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா? இரண்டு பொத்தான்கள். மௌத் என்று அமர்த்தினால் திகதி கேட்கும். வரி நிரம்பாவிட்டால் துண்டு அச்சாகாது.

ஏன் சேர்த்தேன்? ஊரின் சரித்திரம் எழுதுகிறவனுக்கு அது வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது! ஊர் கேட்கவில்லை.

தாளில் வரைந்து பார்த்தபோது மூன்றாவது பொத்தான் ஒன்றும் இருந்தது. ‘தெரியாது’ என்று எழுதியிருந்தேன். நான்தான் அதை வெட்டினேன். திரை நெரிசலாகத் தெரிந்தது. இரண்டு அழகாக இருந்தது. எளிமைக்காகத்தான் வெட்டினேன்… எளிமை என்றால் என்னவென்று விளங்காமலே.

முதல் நாள், வாசிகசாலைக்கு வெளியே சிறு வரிசை. அன்சார் தன் துண்டை எடுத்துவிட்டுக் கேலி செய்தான்:

“பழைய பெட்டி நம்மளக் கண்டா சலாம் சொல்லும். இது பொலிஸ் மாதிரி விசாரிக்குது, மாஸ்டர்!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று கடைசியாக வந்தவர் சபியா ராத்தா. ஊரில் எனக்கு வலப்பக்கத்து வீடு. கரைத்தீவுக்கு வந்த பிறகும் எனக்கு வலப்பக்கத்து வீடு. காணிக் காரியாலயத்துக்குத் துண்டு ஒன்று வேண்டும் என்றார். இஸ்ஸதீன் பெயரை அடித்தேன். நான்கு பெட்டிகளும் நிரம்பின. இடப்பெட்டியில் என் பெயர். கீழே வரி காத்துக்கொண்டிருந்தது.

“ராத்தா, இதுல ஒண்டு அமத்தணும். ஹயாத்தா, மௌத்தா எண்டு.”

“எனக்கு எப்படித் தெரியும், மாஸ்டர்?”

“ரெண்டுல ஒண்டு அமத்தினாத்தான் பிறின்ட் வரும்.”

அவர் திரையை உற்றுப் பார்த்தார். “தெரியாதுண்டு ஒண்டு இல்லையா?”

“இல்ல, ராத்தா.”

“முந்தி இருந்ததுல இப்படிக் கேக்கல்லையே…”

வெளியே காணிக் காரியாலயத்துக்குப் போகிற ஓட்டோ ஹோன் அடித்தது. அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“அப்ப நீங்களே பாத்துப் போடுங்க. திகதியெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.”

அந்த நொடியில் என்னால் என்னென்ன செய்திருக்க முடியும்! நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அந்த வரியையே அழித்திருக்கலாம். அரை மணி நேர வேலை. குறைந்தது ‘ஹயாத்’ என்று அமர்த்தியிருக்கலாம்… அதை ஏன் அமர்த்தவில்லை? அமர்த்தினால் அது பொய்யாகிவிடும் என்று பயந்தேனாம்! உயிரோடிருக்கிறார் என்பது பொய். இறந்துவிட்டார் என்பது பொய்யல்ல… அப்படியொரு நீதி என்னிடம் இருந்தது.

மௌத் என்று அமர்த்தினேன். திகதி கேட்டது. அந்த நாட்களில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த திகதி ஒன்றுதான். நான் கரையேறிய நாள். 1990.11.02. விரல்கள் தாமாக அடித்தன. துண்டு அச்சாகி வந்தது. மையின் சூட்டோடு கொடுத்தேன். அவர் வாசிக்கத் தெரியாதவர். நான்காக மடித்துக்கொண்டு போனார்.

வாசிக்கத் தெரிந்தவள், அன்று தாயைப் பார்க்க வந்திருந்த மகள் நஸ்ரினா. அன்று மாலையே அவள் கண்ணில் அந்த வரி பட்டிருக்கிறது.

மறுநாள் ஜும்ஆ முடிந்து வந்தபோது, சபியா ராத்தா என் வேலியோரம் நின்றார். அழவில்லை. குரலும் உயரவில்லை.

“மாஸ்டர், தெரிஞ்சிருந்தும் இவ்வளவு காலமா எனக்கு ஏன் சொல்லல்ல?”

நான் சொல்ல வேண்டியது இரண்டு சொற்கள்: எனக்குத் தெரியாது. திரையில் வெட்டி எறிந்த அதே சொல்! ஆனால் ‘அவர் திகதியில பிழைக்க மாட்டார்’ என்று ஊர் சொல்லுமே, அந்த மனிதனை வேலியோரத்தில் வைத்துக் கொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“சொல்ல மனசு வரல்ல, ராத்தா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என்னைத் தேற்றுவது போல ஆட்டினார்… அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். சபியா ராத்தா இருக்க விரும்பினார். மௌலவியிடம் கேட்டார்கள். இத்தாவின் கணக்கு மௌத்தான நாளிலிருந்து தொடங்கும், அது எப்போதோ கழிந்துவிட்டது, இனி இருக்கத் தேவையில்லை என்றார் அவர். சட்டப்படி அவர் சொன்னது சரி. பிழை என் திகதியில் இருந்தது. இருபத்து நான்கு வருடம் காத்திருந்த பெண்ணுக்கு, துக்கம் இருக்க நான்கு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

அடுத்து நஸ்ரினா வந்தாள். வருடாவருடம் வாப்பா மௌத்தான நாளில் அவருக்காகக் கத்தம் ஓத வேண்டும், இஸ்லாமிய மாதத்தில் அது என்ன நாள் என்று கேட்டாள். கணக்குப் பார்த்துக் கொடுத்தேன்! ரபீஉல் ஆகிர் பதினான்கு என்று எழுதினேன். பிறை கண்டதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று கவனமாக எச்சரித்தும் அனுப்பினேன்.

மூன்றாவது… நஸ்ரினாவைக் கட்டிக்கொடுத்தது மதுரங்குளியில். தாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவள் பல வருடம் கெஞ்சினாள். சபியா ராத்தா அசைந்ததில்லை. “அவர் வந்தா இந்த வாசலத்தானே வந்து தேடுவார்” என்பார். ஊர்ப்பக்கம் போனவர்களிடம் இஸ்ஸதீனுக்கென்று சொல்லியனுப்பியிருந்த விலாசம் அது ஒன்றுதான். மறு வருடம் வீட்டை விட்டுவிட்டு மகளோடு போய்விட்டார். வாசலில் காத்திருப்பது இனி யாருக்காக?

வருடத்துக்கொரு முறை கத்தத்துக்கு என்னை அழைக்கிறார்கள். போகிறேன். நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சகனில் எனக்கு முதல் இடம். இறைச்சித் துண்டை என் பக்கம் ஒதுக்கிவிடுவார் நஸ்ரினாவின் கணவர். உண்கிறேன். துஆவில் கையேந்தி ஆமீன் சொல்கிறேன்.

ஒரு முறை ரசீனுக்குத் தொலைபேசி எடுத்தேன். சுற்றி வளைத்து, பழைய செயலியில் அந்தக் கேள்வியை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன். உங்களுக்கு அது தோன்றவே இல்லையா என்றேன்.

“வச்சனே, மாஸ்டர்!” என்றார் அவர். “முதல்ல வச்சன். முதன்முதலாப் பெயர் பதிய வந்தது சபியா ராத்தாதான். அந்தக் கேள்விய வாசிச்சுக் காட்டின உடனே அவ எழும்பிட்டா. அவட கண் முன்னாலேயே அதத் தூக்கிப் போட்டன். பிறகு எதுவும் வைக்கத் தோணல்ல.”

ஊரே விரும்பிய அந்த எளிமை எங்கிருந்து வந்தது என்று அன்றுதான் அறிந்தேன்.

மூன்றாவது பொத்தானைப் பிறகு சேர்த்துவிட்டேன். இப்போது ‘தெரியாது’ இருக்கிறது. ஒருவரும் தயங்குவதில்லை, திரையில் நெரிசலும் இல்லை. ஆனால் இஸ்ஸதீனின் துண்டை நான் திருத்தவில்லை. திருத்த எத்தனை முறை உட்கார்ந்தேன்! மௌத்தானவரை மீண்டும் காணாமற்போனவர் ஆக்கினால், சபியா ராத்தா மதுரங்குளியிலிருந்து திரும்பி வந்து அந்த வாசலில் உட்காருவாரா? உட்காருவதற்கு வாசலும் இல்லை. வீட்டைக் கழற்றி, ஓடுகளையும் மரத்தையும் கொண்டு போய்விட்டார்கள்.

அல்லது, உண்மையைச் சொல்லாதிருக்க நான் கண்டுபிடித்த மற்றொரு சாக்கா இது? எனக்குத் தெரியாது. பாருங்கள், இப்போது எவ்வளவு இலகுவாக வருகிறது அந்தச் சொல்!

மனைவி போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் தூர தேசத்தில். வாசிகசாலைக்கும் இப்போது ஆட்கள் வருவதில்லை. காணி பிரிக்கிற வேலை முடிந்துவிட்டது. சில மாலைகளில் நான் மட்டும் போய், பின்னர் நானே அதில் பதிந்து வைத்த கரைத்தீவு வீடுகளில் என் வீட்டை எடுத்துப் பார்க்கிறேன். நடுவில் என் பெயர். முன்பெட்டியில் ஒரு பெயர் உண்டு, பின்பெட்டியில் ஒன்று, இடப்பெட்டியில் ஒன்று.

வலப்பெட்டி வெறுமை. வெறுமையாக இருக்க அதற்கு எப்போதும் அனுமதி உண்டு. கீழே உள்ள வரிக்குத்தான் அதை நான் பிந்திக் கொடுத்தேன்.

இந்தக் குறிப்பை முடிக்குமுன் ஒன்றைப் பதிந்து வைக்கிறேன். மன்னார்க் கரையைச் சேர்ந்த படகுக்காரர் இஸ்ஸதீன், சபியா ராத்தாவின் கணவர், நஸ்ரினாவின் வாப்பா, எனக்கு வலப்பக்கத்து வீடு. ஹயாத்தா, மௌத்தா என்பது இதை எழுதும் இந்நாள் வரை உறுதிப்படுத்தப்படவில்லை.