மூலையில் தெரியும் எண்

கொடைக்கானல் சோலைக்காட்டுச் செடிகளின் படங்களை ஒரு திறமூல மென்பொருளில் சேர்த்து வைப்பது என் வேலை. படங்கள் பெருகப் பெருக, ஒன்றைத் திறப்பதற்குள் டீ ஆறிப்போனது. முறையிட்டு எழுதினேன்; அந்த மென்பொருளைச் சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களில் ஒருவர் வத்தலக்குண்டிலிருந்து பஸ் ஏறி வந்தார். காதை மூடிய மப்ளர், துண்டில் சுற்றிய லேப்டாப்.

வந்தவர் எதையும் தொடவில்லை. என் பக்கவாட்டில் ஸ்டூலைப் போட்டு, நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"சோலிய எப்ப சார் ஆரம்பிப்பீங்க?"

"ஆரம்பிச்சாச்சுங்க."

அதற்குப் பிறகு நாலு மணிக்குத்தான் வாய் திறந்தார். "மூலையில மொத்தப் படம் எத்தனைன்னு ஒரு நம்பர் காட்டுதுல்ல? ஒவ்வொரு படத்தத் தொறக்கும்போதும் அத்தனையையும் மறுபடி எண்ணுது. அதான் தாமசம்."

எவ்வளவு சேர்த்திருக்கிறேன் என்று பார்த்துக்கொள்ள, அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்தவனே நான்தான்.

"எடுத்துருங்க" என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வேணாங்க. தெனம் வெள்ளனே ஒரு தடவ எண்ணி வச்சுக்கட்டும். பத்து மடங்கு படம் வந்தாலும் தாங்கும். காலையில உக்காந்ததும் மொதல்ல அதத்தான பாத்தீங்க. லேசா சிரிச்சீங்க."

இப்போது படங்கள் உடனே திறக்கின்றன. அன்று முழுவதும் அவர் கணினியைத்தான் பார்க்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.