உப்புமா என்று கத்தினால் நிறுத்த வேண்டும்

கோச்சை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவருடைய இடது காதுதான். எண்ணெய் காயும் முன்னே போட்ட அப்பளம் மாதிரி அது விரியாமல் தடித்து, சுருண்டு, தலையோடு ஒட்டிக் கிடந்தது. முதல் நாள் மருமகள் என்னைக் காலேஜ் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டு ஓடிவிட்டாள். அந்த வெள்ளைக்காரர் நேரே என்னிடம் வந்து கை கூப்பி, "வாங்க அம்மா" என்றார். அந்நிய ஆம்பளை முகத்தை எப்படிப் பார்ப்பது? கூச்சத்தில் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் அங்கே போனது என் மகன் போட்ட கண்டிஷனால். ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் அவனுக்கு ஜெராக்ஸ் கடை. வருகிறவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்டிருக்கிறார்கள், "என்னப்பா, உன் வீட்டம்மா டிராயர் போட்டுக்கிட்டு முட்டி மோதி விளையாடுதாமே?" என்று. அவன் மருமகளிடம் சொல்லிவிட்டான்: "அம்மா துணைக்கு வரட்டும். இந்த வருஷ மேட்ச்சுல ஜெயிச்சு மாநில டீமுக்குப் போனா விளையாடு. தோத்தா இதோட சரி." காலேஜ் படிக்கும்போதிருந்து விளையாடுகிறவள் அவள். ஆனாலும் சரி என்றாள். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஒரு தூக்கில் பெண்களுக்கு உப்புமா கிளறி எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் அவளோடு காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன்.

ரக்பி என்கிற அந்த விளையாட்டில் எனக்குப் புரிந்தது கொஞ்சம்தான். முட்டை மாதிரி ஒரு பந்து. அதை எதிராளியின் கோட்டுக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். நடுநடுவே ஸ்க்ரம் என்று ஒன்று வரும். இந்தப்பக்கம் எட்டுப் பேர், அந்தப்பக்கம் எட்டுப் பேர், தோளோடு தோள் பின்னிக் குனிந்து, எதிராளி தலைக்குப் பக்கத்தில் தலையைக் கொடுத்து முழு பலத்தோடு தள்ளுவார்கள். முன்வரிசைக்கு நடுவில் என் மருமகள். அவளுடைய இரண்டு கையும் பக்கத்துப் பெண்களைச் சுற்றியிருக்கும், விழுந்தால் ஊன்றக் கை கிடையாது. அவள் குனியும்போதெல்லாம் நான் முந்தானையைக் கடித்துக்கொள்வேன். கோச்சும் அந்த இடத்தில் ஆடியவர்தானாம். ஸ்காட்லாந்தில் ஆடு வளர்க்கிற குடும்பம். ஊர் டீமில் ஆடி, பெரிய கிளப்பில் ஆடி, தேசத்துக்காகவும் சில தடவை ஆடியவர், நல்ல வயசிலேயே திடீரென்று விட்டுவிட்டார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து, ஊர் ஊராகச் சுற்றி, காலேஜ் ஃபாதர் ஒருவர் கூப்பிட்டதால் திருச்சிக்கு வந்தார். ஏன் விட்டார் என்று யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அவர் பெண்களைக் கூட்டி வைத்துச் சொன்னார். ஸ்க்ரமில் யாருக்காவது கழுத்து மாட்டிக்கொண்டால் ஒரு வார்த்தை கத்த வேண்டும். அது காதில் விழுந்த நொடியே எட்டுப் பேரும் தள்ளுவதை நிறுத்தி, முட்டி போட்டு, அப்படியே தரையில் படுத்துவிட வேண்டும். அவர் சொல்லும்வரை அசையக் கூடாது. என்ன வார்த்தை வைக்கலாம்? "அம்மா" என்றாள் ஒரு பெண். அவர் கையை ஆட்டி, "கொசு கடிச்சா அம்மா, பஸ் போச்சுன்னா அம்மா, நோ" என்றார் தமிழில். வலிக்கிறபோது யாருக்கும் தானாக வராத வார்த்தையாக வேண்டுமாம். மருமகள் என் தூக்கைப் பார்த்தாள். "உப்புமா வைங்க கோச். எங்க அத்தை உப்புமாவைச் சொன்னா ஓடுற லாரியும் நின்னுடும்." பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் தூக்கை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். கோச் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு அதையே வைத்தார். அதிலிருந்து எதிர்பாராத நேரத்தில் யாரையாவது கத்தச் சொல்லுவார். ஒருத்தி ஒரு மூச்சு அதிகமாகத் தள்ளிவிட்டாலும் போதும், அவர் முகம் ரத்தமாகச் சிவந்துவிடும். வேறு எதற்கும் கோபப்படாத மனுஷர்.

மேட்ச்சுக்கு முந்தின வாரம் எல்லாரையும் முக்கொம்புக்குக் கூட்டிப் போனார். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்து, கொள்ளிடத்துப் பக்கம் மதகைத் திறந்து விட்டிருந்தார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடச் சரியாகக் கேட்காத இரைச்சல். "காது எப்படிக் கோச் இப்படி ஆச்சு?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டாள். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே இங்கிலீஷில் சொன்னார், அவரை ஒட்டி நின்ற மருமகள் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஸ்க்ரமில் உரசி உரசி ஆன காதுதானாம். வேறு தேசத்து டீமோடு ஒரு ஆட்டம், ஜெயிக்கப் போகிற நேரம். இந்தக் காதுக்குப் பக்கத்தில் தலை கொடுத்திருந்தவன் அவன் பாஷையில் ஏதோ சொன்னான். இவர் தள்ளினார். அவன் அதற்குப் பிறகு எழுந்து நடக்கவே இல்லை. பாஷை தெரியாது என்று இவர் எல்லாரிடமும் சொன்னார், பெற்ற தாயிடமும் அதையே சொன்னார். மருமகள் அங்கே நிறுத்திவிட்டாள். கோச்சின் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. "என்னம்மா சொல்றாரு?" என்றேன். அவள் என் காதோரம் குனிந்தாள். "பாஷைதான் தெரியல. குரல் புரிஞ்சுதுங்கிறாரு அத்தை."

மேட்ச் அன்று மகன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். எதிர் டீம் மருங்காபுரிப் பக்கத்துப் பெண்கள். காட்டு வேலை செய்து இறுகிய தோள்கள். எங்கள் பெண்கள் கொஞ்சம் பின்தங்கியிருந்தார்கள். இன்னும் ஒரு தடவை பந்தைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் வைத்தால் போதும், ஆட்டம் முடிகிற நேரம். கோட்டுக்குக் கிட்டேயே ஸ்க்ரம் விழுந்தது. குனிந்தார்கள், முட்டினார்கள். எதிர்ப்பக்கத்துக் கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டு பின்னால் போக ஆரம்பித்தன. "தள்ளு! தள்ளு!" என்று ஒரு குரல். திரும்பினால் என் மகன், கட்டிய கை அவிழ்ந்து அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் இரண்டடிதான்.

"உப்புமா!"

என் மருமகள் குரல். எங்கள் எட்டுப் பேரும் முட்டி போட்டு மண்ணில் படுத்துவிட்டார்கள். ஒரு நொடி மைதானமே சிரித்தது. "டிபன் வந்துருச்சு டோய்!" என்று எவனோ கத்தினான். ரெஃப்ரி விசில் ஊதினார். எதிர் டீம் பெண்கள் ஒவ்வொருத்தியாக விலகி எழுந்தார்கள், நடுவில் இருந்தவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தாள். கோச் ஓடிப்போய் முட்டி போட்டு அவள் தலையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். அதற்குள் தோளில் துண்டோடு அவள் அப்பா ஓடிவந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கப் போனார். பின்னால் ஒருத்தர் தண்ணீர்க் குடத்தோடு. கோச் "நோ! நோ!" என்கிறார், கற்ற தமிழெல்லாம் பதற்றத்தில் போய்விட்டது, யாரும் கேட்கிற நிலைமையில் இல்லை.

நான் எப்போது எழுந்தேன், எப்படி உள்ளே போனேன் தெரியாது. "தூக்காதீங்க! யாரும் தொடாதீங்க! கழுத்து!" என்று கத்தினேன். கடைக்காரரிடம் சில்லறை பாக்கி கேட்கவே வாய் வராதவள் நான். அந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். "ஐயா, அவரு பிடிச்சிருக்காரு. நீங்க இழுத்தா புள்ளை வீணாயிடும், கையை எடுங்க" என்றேன். எடுத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை கோச்சின் கை அசையவில்லை. வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்குகிறது, துடைக்க முடியவில்லை. அந்தப் பெண் கண்ணைத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து அவள் உதடு அசைந்தது. "அக்கா, கால்ல எறும்பு கடிக்குதுக்கா." எறும்பு கடிப்பது தெரிகிறது, காலில் உணர்ச்சி இருக்கிறது என்று மருமகள் கோச்சுக்கு இங்கிலீஷில் சொன்னாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நாங்கள் வேண்டுமென்றே ஸ்க்ரமைச் சரித்ததாக ரெஃப்ரி தீர்ப்புச் சொன்னார். மீதி ஆட்டம் ஒன்றுமில்லாமல் முடிந்தது, தோற்றுவிட்டோம். கோச் ரெஃப்ரியிடம் வாதாடப் போகவில்லை. மருமகளிடம் வந்து, "ஸ்க்ரம்ல அவ என்ன சொன்னா?" என்று மட்டும் கேட்டார்.

"அம்மான்னு சொன்னா, கோச்."

அவர் அவள் தலையில் கை வைத்தார். பிறகு வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியதும் மகன் ஆரம்பித்தான். "பாவம்தான், இல்லேங்கல. ஆனா பேசினது பேசினதுதானே." மருமகள் பையிலிருந்து அழுக்கு விளையாட்டுத் துணியை எடுத்தாள். இனிமேல் வேண்டாம் என்று அதை மடித்து வைத்துவிடுவாளோ என்று பார்த்தேன். "நீயும்தானே பார்த்துக்கிட்டு நின்னே?" என்றேன் மகனிடம். "நாளைக்கும் நாங்க போறோம். ரவை தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வா." அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ரவையோடுதான் வந்தான்.

மருங்காபுரிப் பெண்ணுக்குக் கழுத்துப் பட்டையோடு சரியாகிவிட்டது. கோச் அடுத்த வருஷம் ஊருக்குத் திரும்பினார். போகும்போது, முதலில் தன்னோடு முட்டி விழுந்த அந்த மனிதனைப் போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னார். பார்த்தாரா என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் என் மருமகள்தான் கோச். நேற்றுக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று தோடு போட முயன்றுகொண்டிருந்தாள். இடது காது தடித்துச் சுருண்டு போயிருக்கிறது, திருகாணி ஏறவில்லை. "அசிங்கமா இருக்கா அத்தை?" என்றாள். நான் அவள் முகத்தைத் திருப்பி, வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். ஒற்றைத் தோட்டை வாங்கி என் முந்தானையில் முடிந்துகொண்டு, "நேரமாச்சு, கிளம்பு" என்றேன்.