போர்டுக்குக் கீழே நின்று கேட்பவர்கள்

பெருமாள்மலை முக்கில் டீக்கடை வைத்திருக்கிறேன். கொடைக்கானல் எந்தப் பக்கம் என்று காரை நிறுத்திக் கேட்பவர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்கள் தலைக்கு மேலேயே அம்பு போட்ட போர்டு நிற்கும். கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. அதனால்தான் செலினாவுக்கு நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

செலினா எங்கள் தெருப் பெண். பள்ளிக்கூடத்தில் பெருக்கி, மணியடிக்கிற வேலை. யாரோ பழைய கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸைப் போட்டுப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார்கள். வாத்தியார்கள் யாரும் தொடவில்லை. இவள்தான் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு பிள்ளைகளைத் தமிழில் டைப் அடிக்க வைத்தாள். ஹெட்மாஸ்டரே அவளை லேப் அசிஸ்டெண்ட் என்று கூப்பிட ஆரம்பித்தார். அப்போது அவள் நடையே வேறு.

ஒருநாள் அப்டேட் போட்டாள். அத்தனையும் கறுப்புத் திரையோடு நின்றுவிட்டன.

"திங்கட்கிழமைக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்புக்குப் போட்டுரலாம். நீயும் பழைய வேலையையே பாரு" என்றார் ஹெட்மாஸ்டர்.

'புதியவர்கள் தயங்காமல் கேட்கலாம்' என்று எழுதி வைத்திருந்த ஒரு தமிழ் லினக்ஸ் இணையக் குழுவில் போன் வழியாகக் கேட்டாள். எங்கள் பக்கம் உதவி கேட்டுப் போனால் இன்னார் மகள், இன்ன ஊர் என்று சொல்லி, நலம் விசாரித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவோம். அவளும் அப்படியே எழுதினாள். 'வணக்கம் அண்ணன்மார்களே, நான் பெருமாள்மலை மரியசூசை மகள் செலினா. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?'

'இங்க என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? திரையில வர்ற எர்ரரைப் போடுங்க' என்றான் ஒருவன். 'தேடிப் பார்த்துட்டு வாங்க' என்றான் அடுத்தவன். என் கடையில் உட்கார்ந்துதான் படித்தாள். முகம் செத்துப்போனது. அப்படியும் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பப் போனாள். மழைக்குக் கரண்ட் போனது, கூடவே டவரும் போனது.

மறுநாள் பார்த்தால், 'கேட்டவர் பதில் தரவில்லை' என்று கேள்வியை மூடியிருந்தார்கள். திரும்பக் கேட்டாள். 'ஏற்கெனவே கேட்ட கேள்வி' என்று அழித்தார்கள்.

இவர்களெல்லாம் தாய் வயிற்றிலிருந்து கீபோர்டோடு வந்து விழுந்தவர்களா? நாலு எழுத்து முன்னால் படித்துவிட்ட திமிர். சொல்ல மனமில்லாதவன் எதற்குத் தயங்காமல் கேளுங்கள் என்று எழுதி வைக்கிறான்?

திங்கட்கிழமை கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்றினார்கள். செலினா அந்த அறையைப் பெருக்கினாள்.

அந்த வாரக் கடைசியில் ஒரு கார் போர்டுக்குக் கீழே வந்து நின்றது. பின்சீட்டில் லேப்டாப் திறந்து கிடந்தது.

"கொடைக்கானல் எந்தப் பக்கம்? மேப் ஓட மாட்டேங்குது" என்றான் ஓட்டி வந்தவன்.

போர்டைப் படிச்சுட்டு வாய்யா என்று என் வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் கடை பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த செலினா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"வாங்க, எந்த ஊர்லருந்து வர்றீங்க?" என்று விசாரித்தாள். "அந்தா கெடக்குல்ல, அது பழனி ரோடு. அதுல போயிராதீங்க. இப்பிடியே மேல ஏறுங்க. மூடுபனி வந்தா லைட்டப் போட்டுக்கங்க."

அவன் கண்ணாடியை ஏற்றப் போனான். அவள் இன்னும் குனிந்தபடியே நின்றாள்.

"புரிஞ்சுச்சுங்களா? இல்ல, இன்னொரு தடவ சொல்லட்டுங்களா?"