சூடு காட்டிய படிகம்

ஆய்வகத்தில் அக்காவின் மேசை மேல் ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். வெளிச்சத்துக்காக அல்ல. அதன் கீழே கண்ணாடித் தட்டில் இரும்புச் சேர்மப் படிகங்கள் கிடக்கும், மிளகில் பாதி அளவுக்கு, கறுப்பாக. அக்கா என்னைவிட மூன்று ஆண்டு மூத்த ஆய்வு மாணவி. கோவில்பட்டியில் அவருடைய அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்; தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். எனக்கு எட்டயபுரம் பக்கம். படிக்க வடக்கே அவ்வளவு தூரம் போயும் ஊர்க்காரி கிடைத்த சந்தோஷத்தில் அவர் பின்னாலேயே திரிந்தேன்.

எங்கள் வேலை சொல்ல எளிது, செய்தால் தலை சுற்றும். தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தியை மிகவும் குளிர வைத்தால் எலக்ட்ரான்கள் சோடி சேர்ந்துகொள்ளும். அந்தச் சோடியைப் பிரிக்க வேண்டிய ஆற்றலைத்தான் இடைவெளி என்போம். கூரான தங்கக் கம்பியைப் படிகத்தின் மேல் தொட வைத்து, மின்னழுத்தத்தை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால் வரைகோட்டில் மேடு எழும். மேடு எழும் இடம் இடைவெளியின் அளவைச் சொல்லும். இரும்பு மீக்கடத்திகளில் இடைவெளி ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். அக்காவின் வரைகோடுகளில் இரண்டு மேடுகள். அவருடைய ஆய்வேட்டின் உயிரே அந்த இரண்டுதான்.

அதே படிகத்தின் கடைசித் துண்டை நான் அளந்தேன். ஒரே மேடு. அவருடைய குறிப்பேட்டை வரி விடாமல் பின்பற்றியும் ஒன்றுதான். என் கைதான் சரியில்லை என்று பதினைந்து நாள் என்னையே திட்டிக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனபோது தீப்பெட்டி ஆபீஸைச் சுற்றிக் காட்டினார். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகள் சட்டம் சட்டமாகச் சூடான அறையில் காய்ந்துகொண்டிருந்தன. அப்போதுதான் அந்த பல்பு எனக்கு உறைத்தது. குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. என் துண்டை நான் அதன் கீழே வைக்கவே இல்லை.

"அக்கா, படிகத்த பல்புக்குக் கீழ வைக்கத ஏன் எழுதல?"

"ஏட்டி, கை கழுவுததையா எழுதுவாவ? சூடு காட்டலன்னா நமத்துப் போயிரும்லா."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். எங்கள் அளவீடு தொடுவது மேற்பரப்பை மட்டும். காற்றில் வைத்துச் சூடாக்கியதில் அந்தத் தோல் கெட்டுப்போய், இரண்டாவது மேடு அதனால் வந்திருக்கலாம். அல்லது ஈரம் போனதால்தான் உள்ளதை உள்ளபடி காட்டியதோ என்னவோ. திரும்ப அளக்கப் படிகம் மிச்சமில்லை. ஆய்வேட்டைக் கொடுக்க ஒரு மாதமே இருந்தது; புதிதாகப் படிகம் வளர்க்க அது போதாது. அக்கா அந்த இயலையே எடுத்துவிட்டார். வேறு இயல் எழுதிப் பட்டம் வாங்க இன்னும் இரண்டு வருடம் ஆனது. வெளிநாட்டில் கிடைத்திருந்த வேலையும் கைநழுவிப் போனது. வாயை மூடிக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாமோ என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். இருந்திருந்தால் சரியா என்றும் தெரியவில்லை.

போன மாதம் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. வேறு யாரோ, வேறு முறையில், அதே சேர்மத்தை அளந்திருந்தார்கள். இரண்டு இடைவெளிகள். அக்கா இப்போது கோவில்பட்டியிலேயே ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறார். கட்டுரையை எடுத்துக்கொண்டு, நான் இப்போது இருக்கும் தூத்துக்குடியில் பஸ் ஏறினேன். நல்ல சேதி சொல்லப் போகிறேனா, மன்னிப்புக் கேட்கப் போகிறேனா என்று இறங்கும்வரை விளங்கவில்லை.

நிதானமாகப் படித்தார். "அவிய பார்த்தது அவிய படிகத்த. நான் பார்த்தது என்னன்னு அவியளுக்கு எப்படித் தெரியும்? ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்கும் தெரியாது. தெரியாதத எப்படி எழுத?"

அவர் டீ போட எழுந்தார். நான் கட்டுரைக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.