பனியில் பின்னால் நின்றவர்

"விடடா தம்பி, நான் பின்னுக்கு நிக்கிறன்!"

மெல்பேர்ன் ஐஸ் ஹொக்கி அரங்கில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் அணியில் இரண்டே தமிழர்: கப்டன் அண்ணையும் நானும். எதிரணிக்கு விளங்காது என்று பனியில் தமிழில்தான் கத்துவோம். அவர் குரல் கேட்டதும் பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மறிக்க வருபவனை என் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுவேன். திரும்பிப் பார்த்ததே இல்லை. பார்த்தால் எதிரணி உஷாராகிவிடும். கோல் அவருக்கு, இடி எனக்கு. ஒருமுறை தோள்மூட்டுக் கழன்று, ரோவில் என்ற புறநகரில் இருந்த எங்கள் வீட்டில் அம்மா எனக்குச் சோறு தீத்திவிட்டார். கப்டன் அண்ணை பக்கத்துக் கதிரையில் இருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருவரும் ஆட்டத்தை விட்டு வெகுகாலம். ஓய்வுபெற்றவர்களை எடைபோட்டு லீக்கின் புகழ் மண்டபத்தில் சேர்ப்பதற்கு ஒரு குழு இருக்கிறது. கப்டன் அண்ணை எப்போதோ மண்டபத்துக்குள் போய்விட்டார், இப்போது அந்தக் குழுவிலும் இருக்கிறார். போன வருடம் அங்கே என் பெயர் வந்தது. கோல் கணக்கைப் பார்த்தால் நான் பெரிய ஆளில்லை. கணக்கில் தெரியாததை, கூட ஆடிய ஒருவர் குழுவில் எழுந்து சொல்லவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். கூட ஆடியவர் அவர். பிறகென்ன என்று இருந்துவிட்டேன். கிடைக்கவேண்டும் என்று எனக்கு ஆசைதான், அதை ஏன் ஒளிக்கவேண்டும்?

கூட்டம் முடிந்த மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தமுறை உனக்குக் கிடைக்கேல்லை. நான் உனக்காக வாய் திறக்கேல்லை தம்பி. தமிழன் தமிழனைத் தூக்கிவிடுறான் எண்டு சொல்லுவினம். நீ குறை நினைக்கமாட்டாய் எண்டு தெரியும்."

"குழுவில இருக்கிற மற்றவை தங்கட ஆக்களுக்காகக் கதைச்சவைதானே அண்ணை?"

"ஓம், அவை கதைக்கலாம். நாங்கள்தான் கவனமா இருக்கவேணும்."

கூட இருந்து குழி பறிப்பது என்பார்கள். இவர் பறித்த குழியை எனக்கே காட்ட வந்திருந்தார், அதுவும் ஒரு நல்ல காரியம் செய்தவரின் முகத்தோடு. அவர் போட்ட கோல்களில் பாதிக்கு என் தோள் சாட்சி. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்திருக்கிறது. வேறு யாராவது செய்திருந்தால் நாலு வார்த்தை ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

கடந்த மாதம் பழைய ஆட்டக்காரர்களின் நட்பு ஆட்டம். வட்டு என்னிடம் இருந்தது.

"விடடா தம்பி, நான் பின்னுக்கு நிக்கிறன்!"

முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தேன். சொன்ன இடத்தில்தான் நின்றார். நான் விடவில்லை.