சிவப்பு நாளில் வாருங்கள்

என் அப்பாவின் சிறுநீரைப் பற்றி எழுதப்போகிறேன். முகம் சுளிப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அந்தச் சுளிப்புதான் அவர் உயிரைக் குடிக்கப் பார்த்தது, அதனால் எனக்கு அதன்மேல் மரியாதை கிடையாது.

பதுளைக் கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு ஜவுளிக்கடை இருந்தது. ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். துணிப்பொதிகள் அங்கிருந்து மாட்டுவண்டியில் மழையோடு மழையாக வந்து சேரும். பொதியில் எங்காவது ஈரம் இறங்கிக் கறை பிடித்திருக்கும். அந்தக் கறையை உள்மடிப்பில் தள்ளி, பளிச்சென்ற பக்கம் மேலே தெரியும்படி சேலையை மடிப்பதில் அப்பாவை அடிக்க ஆளில்லை. விற்கும்போது விரித்துக் காட்டி, விலை குறைத்துத்தான் கொடுப்பார். ஆனால் அலமாரியில் இருக்கும்வரை கறை யார் கண்ணிலும் படக்கூடாது. தன் உடம்பையும் அவர் அப்படித்தான் மடித்து வைத்திருந்தார்.

அவருக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகத் தொடங்கியது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. அம்மா அதைச் சூடு என்றாள். பார்லித் தண்ணீர், மோர், நன்னாரி, தலைக்கு எண்ணெய் என்று அவரைக் குளிரவைத்தாள். சில நாளில் சிவப்பு நின்றது. "பாத்தீங்களா, கேட்டுருச்சு" என்றாள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வந்தது, மறுபடியும் மோர், மறுபடியும் நின்றது. தானாக நின்றதையெல்லாம் மோரின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில் சீமையிலிருந்து ஒரு டாக்டர் துரை எங்கள் ஊர்ப்பக்கம் வந்திருந்தார். சிறுநீர் வரும் வழியில் உண்டாகும் புற்றுநோய்களை மட்டும் ஆராய்கிற அறுவை வைத்தியர். அவரிடம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஒரே பெஞ்சுதான். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதால் அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன்.

அவருடைய அறையில் ஓர் அலமாரி நிறையக் கண்ணாடிச் சாடிகள். ஒன்றில் மனிதச் சிறுநீரகம், அதன் தலைமாட்டில் மஞ்சளாக ஒரு கட்டி. இன்னொன்றில் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்கு அடியில் இருக்குமாமே ஒரு சுரப்பி, அது கொட்டைப்பாக்காக இறுகிப்போயிருந்தது. பயமாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ கோயிலுக்குள் நுழைந்துவிட்டதுபோல் கை தானாகக் கட்டிக்கொண்டது. இத்தனையும் நமக்குள் இருந்துகொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை பார்க்கின்றனவே என்று வியந்து நின்றேன்.

டாக்டர் கேட்பதை அப்பாவிடம் கேட்டுச் சொல்வது என் வேலை. பெற்ற தகப்பனிடம், "ஒன்னுக்குப் போறப்ப மொதல்ல செவப்பா, கடைசியில செவப்பா?" என்று கேட்பதைவிடத் தூக்குமேடை தேவலை. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, "முழுக்கத்தான்" என்றார்.

டாக்டர் சொன்னதை இன்றும் மறக்கவில்லை. வலியோடு வரும் இரத்தத்தைவிட வலியில்லாமல் வரும் இரத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்றார். அது வலப்பக்கச் சிறுநீரகத்திலிருந்து வருகிறதா, இடப்பக்கத்திலிருந்தா, சிறுநீர்ப்பையிலிருந்தா என்பது இரத்தம் போகும் நாளில் பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும். "சிவப்பு நாளில் வாருங்கள். எந்த வேலையையும் விட்டுவிட்டு வாருங்கள். தள்ளிப்போட்டால் என்னால் காப்பாற்ற முடியாமல் போகலாம்" என்றார்.

அப்பா தலையை ஆட்டினார். அதன்பிறகு அவர் செய்ததுதான் விசித்திரம். சிவப்பாகப் போன நாளெல்லாம் வீட்டிலேயே கிடந்தார். நின்றதும் தலை முழுகி, திருநீறு பூசி, சலவை வேட்டி கட்டி, கழுவிய சீசாவில் தெளிந்த நீரைப் பிடித்து, அதையும் ஒரு புதுத்துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினார். இப்படி ஒரு தடவை அல்ல, பல தடவை. தடுத்துப் பார்த்தேன்.

"அவ்வளவு பெரிய மனுசன் கையில அந்தக் கர்மத்தக் குடுக்கச் சொல்றியா? தீட்டோட அவரு முன்னால போயி நிக்கவா? நல்ல நாளாப் பாத்துத்தான் போகணும்" என்றார்.

கடைசியில் டாக்டரே பொறுமை இழந்தார். அப்பா கொடுத்த தெளிந்த நீரைச் சுழற்றி, அடியில் தங்கியதில் ஒரு சொட்டெடுத்துக் கண்ணாடிச் சில்லில் விட்டு, பூதக்கண்ணாடிக் கருவிக்குக் கீழே வைத்தார். தாம் பார்த்துவிட்டு, அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அப்பா ஒற்றைக் கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அடுத்து நான் பார்த்தேன். சுத்தம் என்று நாங்கள் நினைத்த நீரில் வட்ட வட்டமாகச் சிறு பொட்டுகள் மிதந்தன. அத்தனையும் இரத்தம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் அப்பா கடைத்தெரு முக்கில் நின்று, "உள்ள மடிச்சு வச்சதப் பாத்துட்டாருடா" என்றார். அந்தக் குரலில் வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது.

அடுத்த சிவப்பு நாளில் குளிக்காமலே கிளம்பினார். டாக்டர் அவரைப் படுக்கவைத்து, மரத்துப்போகும் மருந்திட்டு, மெல்லிய குழாய் ஒன்றைச் சிறுநீர் வரும் வழியாகவே உள்ளே செலுத்தினார். அதன் நுனியில் நெல்மணி அளவு மின்விளக்கு. பக்கத்தில் அதற்கு உயிர் கொடுக்கும் பாட்டரிப் பெட்டி. எங்கள் வீதியிலேயே மண்ணெண்ணெய் விளக்குதான். ஊருக்கு வராத மின்சாரம் என் அப்பாவின் வயிற்றுக்குள் எரிந்தது.

உள்ளே நீர் விட்டுக் கழுவிக் கழுவித் தெளிந்ததும் டாக்டர் என்னைக் குழாய் வழியே பார்க்கச் சொன்னார். குனிந்தேன். இளஞ்சிவப்பில் ஒரு குகை, சுவரெல்லாம் பொடி நரம்புகள். ஓரத்தில், ஓடைக் கல்லில் பாசி அசைவதுபோல், ஒரு சின்னச் செடி நீரில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் நுனியிலிருந்து சிவப்பு இழை ஒன்று புகைபோல எழுந்து கரைந்தது. எமனை அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு அழகாகப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. என் கண்ணில் நீர் வந்து காட்சி கலங்கிவிட்டது.

"என்னடா தெரியுது?" என்றார் அப்பா, படுத்தபடியே.

"செடி மாதிரி இருக்குப்பா. சின்னதுதான்."

டாக்டர் அடிவயிற்றைத் திறந்து அதை வேரோடு எடுத்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அது சுவரைத் துளைத்திருக்கும் என்றார். அந்தச் செடி ஒரு சாடியில் ஏறி அலமாரிக்குப் போனது. இது மறுபடி முளைக்கும் குணமுடையது, சிவப்பைக் கண்டதும் வரவேண்டும் என்று எச்சரித்தார். சொன்னபடியே முளைத்தது, அதையும் அவரே அகற்றினார். அதற்குப் பிறகும் அப்பா பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்தது அது மறுபடி முளைத்த நாளைப் பற்றி. கடை நிறையக் கூட்டம். அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கங்காணி, தன் கீழே வேலை செய்யும் ஆட்களோடு கல்யாணச் சேலை எடுக்க வந்திருந்தார். அப்பா உள்ளேயிருந்து கையில் சீசாவோடு வந்தார். சீசா முழுக்கச் சிவப்பு. அம்மா பின்னாலேயே ஓடிவந்து ஒரு துண்டை நீட்டினாள்.

"மூடாத" என்றார் அப்பா. "அவரு பாக்கணும்னு சொன்னது இதத்தான்."

கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. அப்பா சீசாவை மார்புக்கு நேராகப் பிடித்தபடி கடைத்தெருவில் இறங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். தெருமுனையில் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் அந்தக் கங்காணி. எடுத்த சேலையைக் கடையிலேயே போட்டுவிட்டு வந்திருந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் கசக்கிக்கொண்டே கிட்டத்தில் வந்தார்.

"மொதலாளி, எனக்கும் இப்புடித்தாங்க போவுது. வீட்டுல கூடச் சொல்லல."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னைக்குப் போச்சா?"

"ஆமாங்க. காலைல."

"அப்ப இன்னைக்குத்தான் நல்ல நாளு" என்றார் அப்பா. "வாங்க, போவோம்."